எட்டு முகமும் ஒரு நிழலும்

மணி அடித்ததும் மேடையிலிருந்து இறங்கி அங்கியை மாட்டிக்கொண்டாள் மாடல் அக்கா. ஓவியக் கல்லூரியில் அவளுக்கு அதுதான் பெயர். மாணவர்கள் பார்த்து வரைய, உடம்பில் பொட்டுத் துணியில்லாமல் அசையாமல் நிற்பது பத்தொன்பது வருடமாக அவள் வேலை. இடைவேளைக்குப் பிறகு அதே நிலைக்குத் திரும்ப வேண்டுமே என்று, அவள் பாதங்களைச் சுற்றி மேடையில் சாக்பீஸால் கோடு போட்டு வைப்பார்கள்.

இந்த முறை கண்காட்சிக்காக ஆசிரியரே ஒரு பெரிய படம் வரைந்துகொண்டிருந்தார். நடுவில் அவள், சுற்றிலும் அவளை வரையும் எட்டு மாணவர்கள். நாலு வாரமாக இழுத்துக்கொண்டிருந்த படத்தை இன்றுதான் அவள் கிட்டப்போய்ப் பார்த்தாள்.

எட்டுப் பேரும் அச்சு அசலாக இருந்தார்கள். ஒருத்தியின் முகப்பருவைக்கூட விட்டுவைக்கவில்லை மனுஷன். மாடல் அக்காவின் வயிற்றுத் தழும்பும் இருந்தது. கழுத்துக்கு மேலேதான் வெறும் நிழல்.

"எம் மூஞ்சி எங்க சார்?"

"வேணாம்மா. உங்க நல்லதுக்குத்தான். நாளைக்கு உங்க பையன் பாத்தா?"

மகனிடம் ஆபீஸ் வேலை என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். சுருக்கென்றது. அடுத்த நிமிஷம் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்தத் தழும்பு அவன் பொறந்தப்ப வந்தது. அதைப் போட்டுட்டீங்க. மூஞ்சி மட்டும் அசிங்கமா?"

"அடுத்த படத்துல பாக்கலாம்மா."

அவள் மேடையேறி, வெறுங்காலால் சாக்பீஸ் கோடுகளைத் தேய்த்து அழித்தாள். ஆசிரியர் பதறி எழுந்தார். படத்தில் கால்கள் இன்னும் முடியவில்லை. நிலை மாறினால் நாலு வார வேலையும் பாழ்.

"பயப்படாதீங்க, எங்க நிக்கணும்னு இந்தக் காலுக்குத் தெரியும். முதல்ல மூஞ்சி வரட்டும், அப்புறம் கால் வரும்."

"சார், எம் பருவையே போட்டுட்டீங்க. அக்கா மூஞ்சியைப் போட்டா என்னவாம்?" என்றாள் அந்தப் பெண். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆசிரியர் தூரிகையைத் துடைத்தார்.

மாடல் அக்கா போனை எடுத்தாள். மகனைக் கூப்பிட்டாள்.

"டேய், ஞாயித்துக்கிழமை எங்க காலேஜ்ல கண்காட்சி. அம்மா என்ன வேலை பாக்கறேன்னு வந்து பாரு."

அவன் கேள்வி கேட்பதற்குள் போனை வைத்தாள். அங்கியோடு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஆசிரியருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருங்களேம்மா" என்றார் ஆசிரியர், தூரிகையை எடுத்துக்கொண்டு.

"சிரிக்கல்லாம் முடியாது. வரைங்க."