விளக்கெண்ணெய் தடவிய கழுத்துப் பட்டை

"அம்மா, அப்பா ஊட்டுக்குள்ள வந்தா நீ ஏன் மூச்சு உடறதில்ல?"

ஐந்து வயதில் சுகன்யா இப்படிக் கேட்டபோது சித்ராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் மூச்சை அடக்குவது யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள். கணவன் வேல்முருகன் நல்ல மனிதன். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. ஆனால் அவன் தொழில் கிணற்றில் இறங்குவது. விழுந்த மோட்டாரை எடுப்பான், சேறு அள்ளுவான், செத்து மிதப்பதையும் எடுப்பான். சங்ககிரிப் பக்கம் எந்தக் கிணறு நாறினாலும் அவனுக்குத்தான் போன் வரும். மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்தாலும் அவனுக்கு முன்னால் அந்த வாடை வாசலுக்கு வந்துவிடும்.

இப்போது மகள் ஏழாம் வகுப்பு. வாடை மட்டும் அப்படியே இருந்தது.

போன வருடம் சேலத்தில், வெளிநாட்டுப் பழைய துணி மூட்டை பிரிக்கும் கடையில் அவனுக்கு ஓர் உடுப்பு கிடைத்தது. குளிர் தேசத்தில் துடுப்புப் படகு ஓட்டுகிறவர்கள் மாட்டுவதாம். பாதத்திலிருந்து கழுத்து வரை ஒரே உடுப்பு. கழுத்திலும் மணிக்கட்டிலும் மெல்லிய ரப்பர் பட்டை தோலைக் கவ்விக்கொள்ளும். ஒரு சொட்டு உள்ளே இறங்காது.

அதைக் கெடுத்தவள் சித்ராதான். அவள் பிறந்த வீட்டில் மாட்டு வாரையும் தோல் செருப்பையும் விளக்கெண்ணெய் தடவித்தான் வைப்பார்கள். ரப்பரும் தோல் மாதிரிதானே என்று கழுத்துப் பட்டைக்கு வாராவாரம் ஆசையாகத் தடவினாள். மணிக்கட்டுப் பட்டைகள் தப்பின. ஒவ்வொரு தடவையும் கழுத்தோடு எண்ணெய் தீர்ந்துவிடும்.

பத்து நாளைக்கு முன், ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் கழிவு ஊறிய கிணற்றில் கழுத்துப் பட்டை இளகிக் கொடுத்தது. புளித்த கழிவு மார்பு வழியாக வயிறு வரை இறங்கியது. உடம்பெல்லாம் கொப்புளம் வெடித்துச் சீழ் வைத்தது. இன்னொரு தடவை அழுக்குத் தண்ணீர் பட்டால் ரத்தத்தில் ஏறிவிடும் என்று டாக்டர் கண்டித்து அனுப்பினார். நாளை விடியலில் வெண்ணந்தூர் பக்கம் ஒரு கிணறு. ஆடு விழுந்து எட்டு நாள்.

"வேற ஆளப் பாக்கச் சொல்லுங்க" என்றாள்.

"ஆரு புள்ள வருவா அந்த நாத்தத்துக்கு? அறுவது ஊட்டுக்கு ஒரே கெணறு. உடுப்பு ஆனா உடுப்போட, ஆவாட்டி கோமணத்தோட எறங்கறேன்."

"சீழு வடியற ஒடம்போடயா?"

"ஆட்டுக்கு மட்டும் ஒடம்பு நல்லாவா இருக்குது?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உடுப்பைக் கொல்லைக்கு எடுத்துப்போய் விரித்தாள். கழுத்துப் பட்டை மென்று துப்பிய மிட்டாய் போல் இளகிக் கிடந்தது. இழுத்தால் நூல் நூலாக வந்தது. அதில் அவன் பிடரி மயிரும் தோல் செதிலும் ஒட்டியிருந்தன. வாடை புளித்த தயிரா, செத்த எலியா, சொல்ல முடியவில்லை. பிளேடால் வெட்டி எடுக்கும்போது கறுப்புப் பசை நகக்கண்ணில் ஏறிக்கொண்டது. வேலி ஓரம் போய்ச் சாம்பலால் கையைத் தேய்த்துவிட்டு வந்தாள். 'முருகா, எண்ணெய் தடவின கைக்கு இது வேணும்' என்று சொல்லிக்கொண்டாள்.

சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிப் பார்த்தாள். ஒட்டவில்லை. உடுப்பைப் பையில் திணித்துக்கொண்டு சங்ககிரிக்கு பஸ் ஏறினாள். பக்கத்தில் உட்கார்ந்தவர் இரண்டே நிமிடத்தில் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார்.

லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் முகம்மது ஹனீப் விளிம்பை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா, இதுல பலகாரம் சுட்டியா? ஒரே எண்ணெ!"

"வெளக்கெண்ணெங்க பாய். நாந்தான் பண்ணிப் போட்டனுங்க."

"ரப்பருக்கு எண்ணெ வெசம்மா. பெட்ரோல்ல மூணு வாட்டி தொட. உப்புத்தாள் போடு. சொல்யூசன் தடவி, வெரல் ஒட்டாத பதம் வந்தப்பறம் அமுக்கு. ஆனா டியூப் ஆவாது, தடிசு. கழுத்த நெரிச்சிரும். மெல்லிசு ரப்பருக்கு நான் எங்க போவேன்?" என்றபடி, பஞ்சர் ஒட்டும் சொல்யூசன் டப்பா ஒன்றை எடுத்து நீட்டினார்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி மஸ்தான் பீவி உள்ளே போய், அகலமான மஞ்சள் ரப்பர் பட்டை ஒன்றை எடுத்து வந்தாள். தோள்பட்டை இறுகிப்போனவர்கள் இழுத்துப் பயிற்சி செய்ய ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுப்பது.

"எடுத்துட்டுப் போ கண்ணு. எனக்குச் சரியாப் போச்சு."

இடது கையால்தான் நீட்டினாள். வலது கை விலாவோடு ஒட்டியே இருந்தது. நெற்றியில் விழுந்த முந்தானையை ஒதுக்கவும் அது எழவில்லை. சித்ரா அதைப் பார்த்தாள். பார்த்தும் வாங்கிக்கொண்டாள். அந்தக் கணத்தில் நாறும் உடுப்பைவிடத் தன்மேல்தான் அவளுக்கு அதிக அருவருப்பாக இருந்தது.

வீட்டில் பால் போசியைக் கவிழ்த்து அதன்மேல் உடுப்பின் கழுத்தை மாட்டினாள். இனி அதில் பால் காய்ச்ச முடியாது, போகட்டும். துடைத்து, தேய்த்து, இரண்டு பூச்சுப் பூசி, மஞ்சள் பட்டையைக் கூம்பாகச் சுற்றிச் சப்பாத்திக் கட்டையால் உருட்டி அமுக்கினாள். காய்ந்ததும் ஓரத்தை விரலளவாகக் கத்தரித்து, அவன் கழுத்தில் மாட்டிப் பார்த்தாள்.

"முழுங்க முடியுதுங்களா?"

"உன்ற கொழம்பத் தவுர எல்லாம் முழுங்கலாம்."

விடியலில் அவளும் கூடப் போனாள். கிணற்றிலிருந்து ஆடு முழுதாக வரவில்லை. கூடை கூடையாக வந்தது. கயிறு பிடித்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசிக் கூடைக்குப் பின் வேல்முருகன் ஏறி வந்தான், தலைமுடியில் புழு நெளிய. சித்ரா கழுத்துப் பட்டையை விரித்து உள்ளே கைவிட்டாள். பனியன் காய்ந்திருந்தது. கொப்புளத்துக்குப் போட்ட மருந்துப் பொடி உதிராமல் அப்படியே இருந்தது. அவன்மேல் அடித்த நாற்றத்தில் கண் எரிந்தது. அப்படியே நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம், மீந்த சொல்யூசனைத் திருப்பிக் கொடுக்க ஹனீப் கடைக்குப் போனாள். கடை சாத்தியிருந்தது. பாய் தொழுகைக்குப் போயிருப்பார். மஸ்தான் பீவி ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாக எதிர்க்கடையில் சொல்லிவிட்டு, அவர்களும் ஷட்டரை இறக்கிக்கொண்டு சாப்பிடப் போனார்கள். வீட்டுப் பின்வாசலில், அந்த எழாத கை நிரப்ப வேண்டிய காலி டிரம்மும் ஆறு குடங்களும் இருந்தன. தெருக்குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சந்தில் ஒருவரும் இல்லை.

சித்ரா சேலையைச் செருகிக்கொண்டாள். டிரம்முக்குள் பாசி வழவழத்தது, அடியில் தேங்கிய கொஞ்சம் தண்ணீரில் கொசுப்புழு. முழங்கை வரை விட்டுத் தேய்த்துக் கழுவிக் கொட்டினாள். பதினெட்டு நடை நடந்து டிரம்மை நிரப்பி மூடினாள். ஆறு குடங்களையும் நிரப்பி வரிசையாக வைத்தாள். சொல்யூசன் டப்பாவை ஜன்னல் விளிம்பில் வைக்கப் போனவள், தான் வந்தது தெரிந்துவிடும் என்று மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே நேரத்துக்கு பஸ் ஏறினாள்.