ஜெபமாலை பிடித்த கை

ரொவேனா தன் தலைமுடியைத் தானே பிடுங்க ஆரம்பித்தது பதின்மூன்று வயதில். இப்போது இருபத்தைந்து. உச்சந்தலையில் ஒரு சின்னத் தட்டு அளவுக்கு வெறுமை. அதை மறைக்க அகலமான துணிப்பட்டை. அம்மா பசிலிசா செய்யாத வைத்தியம் இல்லை. கற்றாழை தேய்த்தாள், தேங்காய்ப்பால் தேய்த்தாள், கையில் நாலு போட்டும் பார்த்தாள். கிணற்றடிக் குள்ளப்பேயின் கோபம் என்று மந்திரக்காரர் படிகாரத்தைச் சுட்டுப் பார்த்துச் சொன்னதும், உப்பில்லாமல் சமைத்த கோழியைக் கிணற்றுக்குப் படைத்தாள். குள்ளப்பேய் சாப்பிட்டதோ இல்லையோ, பக்கத்து வீட்டு நாய் நன்றாகத் தேறியது.

இதற்கெல்லாம் மேலே அறிவுரை வேறு. "பிடுங்காம இருக்க வேண்டியதுதானே?" என்ன ஒரு கண்டுபிடிப்பு. பன்னிரண்டு வருடமாக அந்தப் பெண்ணுக்கு இது தோன்றவே இல்லை பாருங்கள்.

கடைசியில் ரொவேனா யாரிடமும் சொல்லாமல் லிப்பாவுக்கு பஸ் ஏறி, டாக்டர் லக்சமானாவைப் பார்த்தாள். டாக்டர் திட்டவில்லை. அதுவே அவளுக்குப் புதிதாக இருந்தது.

"இது திமிரும் இல்ல, பேயும் இல்ல. நிறையப் பேருக்கு இருக்கு, வெளிய சொல்றதில்ல, அவ்ளோதான். கை எப்பெப்ப மேல போகுதுன்னு எழுதி வைங்க. போறப்போ எதையாச்சும் உள்ளங்கையில இறுக்கிப் பிடிங்க, ஒரு நிமிஷம். அந்த வேகம் அடங்கும். ஒரே நாள்ல நிக்காது, கொஞ்சங்கொஞ்சமா குறையும்."

எதைப் பிடிப்பது? ரப்பர் பந்தைப் பிடித்தால் வீட்டில் நூறு கேள்வி வரும். ஜெபமாலையைப் பிடித்தால் ஒரு கேள்வியும் வராது. ஜீப்னி வண்டியில், டிவி முன்னால், கண்ணாடி முன்னால், கை மேலே கிளம்பும்போதெல்லாம் மணிகளை இறுக்கினாள். சில நாள் தோற்றாள். பத்தாவது வாரம் உச்சியில் குட்டி முடிகள் முளைத்திருந்தன. தடவிப் பார்த்து அழுதாள்.

பசிலிசா முடியைப் பார்க்கவில்லை, மாலையைத்தான் பார்த்தாள். மாதா சொரூபத்தை வீடு வீடாகத் தூக்கிப் போகும் பெண்களிடம், "என் மகளைக் கடவுள் கூப்பிட்டுட்டார்" என்றாள். ஒரே வாரத்தில் தெரு முழுக்கத் தெரிந்தது. கன்னியர் மடத்துக்கும் தெரிந்தது. மகளிடம் கேட்கத்தான் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ரொவேனா வீட்டுக்கு வந்தால், கூடத்தில் கன்னியாஸ்திரி கொன்சொலசியோன் உட்கார்ந்திருந்தார். வயதானவர், முக்காட்டில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. சுற்றிலும் பக்கத்து வீட்டுக்காரர்கள், மடியில் நூடுல்ஸ் தட்டுகளோடு.

"நானாய், என்ன இது?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

"வெக்கப்படாதடி. அம்மாவுக்கு எல்லாம் தெரியும்."

"அழைப்பு எப்ப வந்ததும்மா?" என்று கேட்டார் கன்னியாஸ்திரி.

ரொவேனாவின் கை உச்சிக்குக் கிளம்பியது. மாலையை இறுக்கினாள். வாயை மூடிக்கொண்டால் மடம். திறந்தால் பன்னிரண்டு வருடம் பட்டைக்குள் ஒளித்தது தெருவுக்கே தெரியும். ஒரு நிமிடம் போனது. துணிப்பட்டையைக் கழற்றினாள்.

"அழைப்பெல்லாம் வரல சிஸ்டர். நான் என் முடியப் பிடுங்குறேன். நிறுத்த முடியல. லிப்பாவுல ஒரு டாக்டர்கிட்ட போறேன். கைக்கு வேலை குடுக்கத்தான் இந்த மாலை. ஒரு அருள்நிறை மந்திரம்கூட முழுசாச் சொன்னதில்ல."

முள்கரண்டிகள் நின்றன. பசிலிசா சாமானியமாகத் தோற்கிற ஆள் இல்லை.

"அதனால என்ன சிஸ்டர்? உங்ககூட வந்துட்டா முக்காடு மூடிடும். உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியப் போகுது?"

"யாருக்கும் தெரியாது" என்றார் கொன்சொலசியோன். தட்டை மெல்லக் கீழே வைத்தார். "எனக்கு முப்பத்தெட்டு வருஷமா மூடுது."

அவர் ரொவேனா பக்கம் திரும்பினார். கை நெற்றியோரத் துணியைத் தொட்டுவிட்டுச் சட்டென்று இறங்கியது.

"அந்த டாக்டர் லிப்பாவுல எந்தத் தெருவும்மா?"