கை நீட்டும் தூரம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காய்ச்சல் மேடம் சாப்பாட்டு மேசைமேல் ஒரு பெரிய வெள்ளைத் தாளை விரித்தாள். நடுவில் டம்ளரைக் கவிழ்த்து, அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, உள்ளே 'நான்' என்று எழுதினாள். அதுவரைக்கும் எல்லாம் பிரமாதமாகத்தான் போயிற்று. அடுத்த வட்டத்துக்காக டம்ளரைத் தூக்கியவள் தூக்கியபடியே நின்றுவிட்டாள். யாராவது பார்த்திருந்தால் சிலை என்று நினைத்து மேலே தூசி தட்டியிருப்பார்கள். பார்க்கத்தான் ஆள் இல்லை.

காய்ச்சல் மேடம் என்பது அலுவலகம் வைத்த பெயர். பெரிய தொற்று வந்த வருஷம் சுகாதாரத் துறையின் போன் பிரிவில் இருந்தாள். ஊரில் அவள் குரல் புகாத காது ஒன்று மிச்சமிருந்தால், அந்தக் காதுக்காரரிடம் போன் இல்லை என்று அர்த்தம். 'வணக்கம்' வாயை விட்டு வருவதற்குள் 'காய்ச்சல் இருக்கா?' முந்திக்கொண்டு வந்துவிடும். தூக்கத்தில் தலையணையைக்கூட விசாரித்திருக்கிறாள். தொற்று ஓய்ந்தது. வாடகை மிச்சம் என்று போன் பிரிவை மட்டும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் அலுவலகம் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு நாற்காலி அகலத்துக்குச் சுருங்கிப்போயிற்று.

இப்போது பொது சுகாதார முதுகலைக்கு இரண்டு இடங்களில் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்று ஆன்லைன். வேலையை விட வேண்டாம், வீட்டை விட வேண்டாம், தலையணையில் சாய்ந்தபடியே பட்டம் வாங்கிக்கொள்ளலாம். இன்னொன்று வெகு தொலைவில், குளிர் பிரதேசத்தில். ஹாஸ்டல் வாசம், நோய் எந்த வழியாகப் பரவுகிறது என்று தெருத்தெருவாக அலைந்து படிக்கிற படிப்பு. நாளைக் காலைக்குள் ஒன்றுக்குச் சரி சொல்லியாக வேண்டும். மனசு என்னவோ எப்போதோ ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டது. ஆனால் அங்கே ஒரு பேராசிரியை புது மாணவர்கள் எல்லாருக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார். இந்த ஞாயிறோடு முடிகிற வாரத்தில் உங்கள் கை நீட்டும் தூரத்தில், கால் மணி நேரமாவது, யார் யார் இருந்தார்கள்? வட்டம் போட்டு, கோடு இழுத்து, படமாகக் கொண்டுவாருங்கள். முதல் வகுப்பில் அதையெல்லாம் சுவரில் ஒட்டி வைத்துத்தான் பாடம்.

லிஃப்டில் கூட வந்த மாடிவீட்டு அம்மாவை யோசித்தாள். லிஃப்ட் என்ன, கால் மணி நேரமா ஏறுகிறது? நடுவில் கோளாறாகி நின்றிருந்தால் ஒரு வட்டம் தேறியிருக்கும், பாழாய்ப்போனது ஒழுங்காக ஓடித் தொலைத்தது. கடையில் பில் போடுகிற பெண் நிமிர்ந்தே பார்க்கமாட்டாள். பார்சல் கொண்டுவருகிறவன் மணியடித்துவிட்டு, கதவு திறப்பதற்குள் அடுத்த ஊரில் இருப்பான். வாரம் முழுக்கச் சலித்துப் பார்த்தும் ஒரு மனுஷத் தலை தேறவில்லை. மற்றவர்கள் படமெல்லாம் சிலந்தி வலை மாதிரி சுவரை அடைத்துக்கொண்டு நிற்க, நடுவில் தன்னுடையது ஒற்றைப் பொட்டாகத் தெரிவதை நினைத்தாள். காது சுட்டது. ஆன்லைனில் சுவரும் கிடையாது, வட்டமும் கிடையாது.

கூடவே தையல்காரர் ஞாபகம் வந்தது.

தொற்று உச்சத்தில் இருந்தபோது அவருக்கும் வந்திருந்தது. யார் யாரோடு இருந்தீர்கள் என்று இதே கேள்வியைத்தான் அவள் கேட்டாள். மனிதர் மழையாகக் கொட்டினார். முடிவெட்டுகிறவர், மளிகைக்காரர், சீட்டாட்டக் கோஷ்டி, எதிர்வீட்டுக் குடும்பம். அத்தனை பேரையும் வீட்டுக்குள் அடைத்தார்கள். முடிவெட்டுகிறவர் போனில் குதித்த குதியில் ரிசீவரே எகிறிற்று. "அந்த ஆளு என் கடைப் படி மிதிச்சே வருஷம் ஒண்ணு ஆச்சு! அவரைப் பாத்ததுக்கு நான் உள்ள இருக்கணுமா? பாக்கவே இல்லைங்க!" மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். தையல்காரரை மறுபடி கூப்பிட்டாள். அப்புறம் சொன்னார். "அவ்வளவு மரியாதையா கேட்டீங்க. யாருமே இல்லேன்னு எப்படிம்மா சொல்றது?"

அதை அவள் அலுவலகத்தில் நடித்தே காட்டினாள். ஒரு வாரம் சிரித்தார்கள். எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தவள் அவள்தான்.

போன் அடித்தது. வெளிநாட்டிலிருந்து அண்ணன்.

"என்ன முடிவு பண்ணின? நான் சொல்றதைக் கேளு, ஆன்லைனே போதும். பேசாம வீட்டோட இருந்து படி. இந்த வயசுல ஹாஸ்டல்ல போய்ச் சின்னப் பசங்களோட குளிக்க வரிசைல நிக்கப் போறியா?"

"யோசிக்கிறேண்ணா."

"என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு? தனியாவா இருக்க?"

"சேச்சே. வீடு நிறைய ஆளு. ஃப்ரெண்ட்ஸெல்லாம் வந்திருக்காங்க. அப்புறம் பேசட்டுமா?"

"அடேயப்பா! நடத்து, நடத்து," என்று சிரித்தபடி அவன் வைத்துவிட்டான். வீடு நிறைய ஆள் இருந்த அந்த வீட்டில் குளிர்பெட்டி மட்டும் ஒருமுறை உறுமி ஓய்ந்தது. அவள் தாளைப் பார்த்தாள். பீரோவைத் திறந்து, அப்பா விட்டுப்போன கம்பளிக் கோட்டை உருவியெடுத்தாள். போட்டுப் பார்த்தால் கை முழங்கால்வரை தொங்கிற்று. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தையல்காரரின் கடை விலாசம் அன்றைக்குப் போனில் கேட்டு அவளே எழுதியதுதான்.

மாடிப்படிக்கு அடியில் மிஷினும் ஆளும் உட்கார்ந்தால் நிறைந்துவிடுகிற கடை. ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது. மூடிவிட்டு எங்கே போவார்?

"கையைக் குறைக்கணும்," என்றாள்.

தையல்காரர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இந்தக் குரலு... காய்ச்சல் இருக்கான்னு கேட்டவங்கதானே நீங்க?"

"ஆமா."

"அய்யய்யோ. இன்னும் கோவமா?"

"இல்லைங்க."

"முடிவெட்டுறவரு மட்டும் இன்னிக்கும் என்னைக் கண்டா ரோட்டைத் தாண்டிப் போயிடுறாரு. முன்னெல்லாம் பாக்காம போவாரு, இப்ப பாத்துட்டுப் போறாரு. முன்னேற்றம்தான்." தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கிச் சிரித்தார். "கையை நீட்டுங்க. இவ்வளவு தடி கோட்டு இந்த ஊருக்கு எதுக்கு?"

"போற இடத்துல ரொம்பக் குளிருமாம்," என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே தெரிந்தது.

"போறீங்களா?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வாசலில் கிடந்த ஸ்டூலை மிஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் சாக்குக்கட்டியால் கோடு போட்டார், மடித்தார், ஊசியில் நூல் கோத்தார். கிழவர் கை காற்றாகப் பறந்தது. பாவி மனுஷர், இத்தனை வேகமாகவா தைப்பார்! ஒரு கை முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. கடிகார முள் கால் மணியில் பாதிகூட நகரவில்லை.

"ஆச்சும்மா," என்று பல்லால் நூலைக் கடித்தார்.

அவள் கோட்டை வாங்கிக்கொள்ளவில்லை. கடிகாரத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

தையல்காரர் அவளைப் பார்த்தார். அவள் பார்வை போன திசையில் கடிகாரத்தையும் பார்த்தார். பிறகு கோட்டை மடியில் போட்டு, இப்போதுதான் தைத்த கையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ம்ஹூம், சரியில்ல," என்றார். சின்னக் கத்திரியை எடுத்து, முதல் தையலிலிருந்து ஒவ்வொன்றாக, மெதுவாகப் பிரிக்கத் தொடங்கினார்.