போணிக்குப் போன புடவை

பொம்மைக்குப் புடவை கட்ட மூன்று வருடம் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டுமா என்று லோகேஸ்வரியைக் கேட்காத உறவினர் கிள்ளானில் இல்லை. அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மேடை அலங்காரம் என்றால் மட்டும் முதல் போன் அவளுக்குத்தான் வரும். அவளும் சளைக்காமல் பதில் சொல்வாள்: "பொம்மைக்கு இல்ல சித்தி. ரோட்டுல போற ஆள எப்படி நிக்க வைக்கிறதுன்னு படிக்கிறேன்." சித்திக்கு அது விளங்கியதில்லை. அதற்காக லோகேஸ்வரி கவலைப்பட்டதும் இல்லை. தன் வேலை தனக்குத் தெரியும் என்ற நினைப்பு அவளுக்குக் கொஞ்சம் தூக்கலாகவே உண்டு.

சுபாங் ஜெயாவில் அவள் படித்தது கடைக் காட்சியமைப்பும் கண்காட்சி வடிவமைப்பும். கடைசிப் பருவத்தில் காகிதத்தில் வரைந்து காட்டினால் போதாது. உண்மையான கடையில் முகப்புக் கண்ணாடியை அலங்கரிக்க வேண்டும். விரிவுரையாளர் நேரில் வந்து பார்த்துப் புள்ளி போடுவார். அதில் தேறினால்தான் பட்டம். கூடப் படித்தவர்கள் கோலாலம்பூர் பேரங்காடிகளில் செருப்புக் கடை, கைக்கடிகாரக் கடை என்று பிடித்துக்கொண்டார்கள். லோகேஸ்வரி பிடித்தது கிள்ளான் லிட்டில் இந்தியாவில் சிவநேசனின் புடவைக் கடையை.

அந்தக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஏழு பொம்மைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். காலடியில் அடுக்கு அடுக்காகப் புடவை. மேலே பிளாஸ்டிக் மாவிலை. தைப்பூசத்துக்கு ஒட்டிய தள்ளுபடி ஸ்டிக்கர் தீபாவளிக்கும் இருக்கும். காலை நேரத்துக் கொமுட்டர் ரயிலில்கூட இதைவிட மூச்சுவிட இடம் கிடைக்கும்.

லோகேஸ்வரி அத்தனையையும் எடுத்துவிட்டாள். பின்சுவருக்குக் கருநீலம் அடித்தாள். நடுவில் ஒரே ஒரு பொம்மை. அதற்கு அரக்குக் கரை போட்ட மாம்பழ மஞ்சள் பட்டு. முந்தானையை மட்டும் கண்ணுக்குத் தெரியாத தூண்டில் நரம்பில் கட்டி மேல் மூலை வரை இழுத்துவிட்டாள். ஒரே ஒரு விளக்கு.

சிவநேசன் தெருவில் இறங்கி நின்று பார்த்தார். "என்னம்மா இது? கடைய மூடப் போறோம்னு நெனைப்பாங்க லா!"

"மத்த கடையில எதப் பாக்கறதுன்னு தெரியாம போயிடுவாங்க, அங்கிள். இங்க ஒன்னுதான் இருக்கு. பாத்துத்தான் ஆகணும்."

"பாத்தா போதுமா? உள்ள வரணுமே."

"வருவாங்க. வரலன்னா, வெள்ளிக்கிழம எங்க மிஸ் பாத்துட்டுப் போனதும் உங்க ஏழு பொம்மையையும் நானே திரும்ப நிறுத்திட்டுப் போறேன்."

"சரி, வெள்ளிக்கிழம வரைக்கும்தான்" என்றார் அவர், பாதி மனசோடு.

வெள்ளிக்கிழமை காலை கடை திறக்கும்போதே விரிவுரையாளர் மிஸ் டானிடமிருந்து செய்தி வந்தது. ஃபெடரல் நெடுஞ்சாலையில் நெரிசல், கொஞ்சம் தாமதமாகும். லோகேஸ்வரி அலட்டிக்கொள்ளவில்லை. கண்ணாடியை இன்னொரு முறை துடைத்தாள்.

அப்போதுதான் அமுதவள்ளி என்கிற ஒரு அம்மா மூச்சு வாங்க உள்ளே வந்தார். "அந்த மஞ்சப் புடவைய எடுங்க" என்றார். "பஸ்ல போய்க்கிட்டு இருந்தேன். இதப் பாத்துட்டு அடுத்த ஸ்டாப்புல எறங்கி ஓடி வரேன்."

அன்றைய முதல் வாடிக்கையாளர் அவர்தான். போணி. முதலில் வருகிறவரை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்பது சிவநேசனுக்கு வேதம். போணிக்கு வந்தவர் எதைக் காட்டுகிறாரோ, பொம்மை மேல் இருந்தாலும் கழற்றிக் கொடுத்துவிடுவார். கிள்ளானில் பிறந்து வளர்ந்த லோகேஸ்வரிக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். விளக்கு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதுவரை திட்டம் போட்டவள், போணியை மறந்துவிட்டாள்.

அந்த நெசவில் வேறு புடவை இல்லை. சிவநேசன் பச்சைக் கரை காட்டினார், நீலக் கரை காட்டினார். அமுதவள்ளி திரும்பியும் பார்க்கவில்லை. சிவநேசன் லோகேஸ்வரியிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "நீ ஒரு வார்த்த சொல்லும்மா. உனக்காக இன்னிக்கு ஒரு நாள் விட்டுடச் சொல்லி அவங்க கைய புடிச்சிக் கேட்டுக்கறேன்."

அவர் நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது. லோகேஸ்வரிக்கும் பயம்தான். மூன்று வருடப் படிப்பு கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. ஆனால் பயத்துக்கு அடியில் ஒரு சந்தோஷமும் பொங்கியது. போய்க்கொண்டிருந்த பஸ்ஸிலிருந்து ஒருத்தரை இறக்கியிருக்கிறாளே! அதற்குத்தானே படித்தாள்?

"குடுத்துருங்க, அங்கிள். போணி ஆகட்டும்" என்று சொல்லி, ஊசிகளைத் தானே கழற்றி, மடித்து அமுதவள்ளியின் கையில் வைத்தாள்.

மிஸ் டான் வந்தபோது நீலச் சுவருக்கு முன்னால் புடவை இல்லாத வெறும் பொம்மை நின்றது. "உன் காட்சி எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"விற்றுப்போய்விட்டது, மிஸ்" என்று நடந்ததைச் சொன்னாள்.

மிஸ் டான் சிரித்தார். ஆனால் இளகவில்லை. "நல்ல கதை. கதைக்கு நான் புள்ளி போட முடியாது. கண்ணால் பார்த்தால்தான்."

"உட்காருங்கள், மிஸ். இப்போதே பார்க்கலாம்."

மிஸ் டான் நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிவநேசன் உள்ளே ஓடி, பழக்கதோஷத்தில் இரண்டு கை நிறையப் புடவைகளை அள்ளிக்கொண்டு வந்தார். நீலச் சுவரைப் பார்த்தார். அத்தனையையும் மேசைமேல் போட்டுவிட்டு, தாமரை நிறத்தில் ஒன்றை மட்டும் நீட்டினார். "ஒன்னு போதும்லா?"

"போதும், அங்கிள்."

அவள் கட்ட ஆரம்பித்தாள். மஞ்சளுக்கு வைத்த விளக்கு தாமரை நிறத்துக்கு ஒத்துவரவில்லை. ஏணியில் ஏறித் திருப்பினாள். முந்தானை மூலையைத் தொடுவதற்குள் கண்ணாடி முன்னால் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அதில் ஒரு பெண்மணி வாசலுக்கே வந்துவிட்டார். "அண்ணே, அந்தப் புடவ என்ன வெல?"

லோகேஸ்வரியின் கை நின்றுவிட்டது. சிவநேசன் வாசலில் குறுக்கே போய் நின்றார். வந்த வாடிக்கையாளரிடம் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய் அது.

"போணி ஆயிருச்சு, ஆன்டி. இனிமே இல்லன்னு சொல்லலாம். அது இப்ப விக்கிறதுக்கு இல்ல. இந்தப் பொண்ணுக்குப் பரீட்ச நடக்குது."

லோகேஸ்வரி கடைசி ஊசியைக் குத்தினாள். மிஸ் டான் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்தவர் முகம் மலர்ந்திருந்தது. "தேறிவிட்டாய். இனிமேல் விற்கலாம் என்று அவரிடம் சொல்."

அவள் சொன்னாள். சிவநேசன் கண்ணாடியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இருக்கட்டும்மா. சாயங்காலம் வரைக்கும் நிக்கட்டும். நல்லாருக்கு."