மேல பத்தடி

மரத்திலிருந்து இறங்கியபோது அனுப்பிரியாவின் கழுத்தெல்லாம் முசுறு எறும்பு கடித்துத் தடித்திருந்தது. சிதம்பரத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. வாரத்துக்கு ஒரு நாள்தான் லீவு. மூன்று ஞாயிறு இந்தக் கேப்பர் மலைக் காட்டிலேயே போய்விட்டது.

ஜியோகேச்சிங் என்பது ஒளித்து வைத்த டப்பாவைத் தேடும் விளையாட்டு. ஒருவர் ஒளித்துவைத்து இடத்தைச் செயலியில் போடுவார். கண்டுபிடிப்பவர் உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். இந்த டப்பா, ஒரு காலத்தில் கடலூர் டவுனுக்கே குடிதண்ணீர் அனுப்பிய ஊற்றின் பக்கத்தில் இருந்தது. வைத்தவர் தேவசகாயம், ஓய்வுபெற்ற குழாய் பிட்டர். மரங்கள் அடர்ந்த இடத்தில் போன் காட்டும் புள்ளி நிலையாக நிற்காது. அதனால் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: 'கல்தொட்டிக்கு மேல, பத்தடி.'

தொட்டிக்கு மேலே கவிந்திருந்தது ஒரு நாவல் மரம். முதல் ஞாயிறு கம்பால் கிளைகளைத் தட்டினாள். அடுத்த ஞாயிறு பாதி மரம் ஏறினாள். கிடைக்காத எரிச்சலில், டப்பாவே இல்லை, ஏமாற்றுகிறார் என்று புகார் போட்டுவிட்டாள். செயலிக்காரர்கள் கெடு வைத்தார்கள். இந்த ஞாயிறு மாலை ஐந்துக்குள் டப்பா இருப்பது உறுதியாகாவிட்டால் செயலியில் அந்த டப்பாவுக்கான பக்கத்தை மூடிவிடுவார்கள்.

தேவசகாயம் புதுச்சேரியில் மகள் வீட்டில் முட்டி ஆபரேஷனாகிப் படுத்திருந்தார். தன் நம்பரோடு அவளுக்குச் செய்தி அனுப்பியிருந்தார், நான் ஏமாத்துறவன் இல்லம்மா, இன்னொரு தடவ பாரு என்று. லோடுமேனான அவள் அப்பா முதலாளிகளிடம் இப்படித்தான் பேசுவார். வாரம் முழுக்க அந்த வரி அவளைக் குத்திக்கொண்டே இருந்தது.

ஆட்டோவில் கூட்டிவந்த அக்கா புருஷன் தமிழ்மணி தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தான்.

"மணி நாலே கால். கெடைக்கலன்னா மரத்துலயே குடித்தனம் வச்சிக்கோ. ஒங்கக்காகிட்ட சொல்லி சோறு குடுத்தனுப்புறேன்."

அவள் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். பாட்டில் தொட்டிக்குக் கீழ இருக்குது என்றான். அவள் குனிந்து தொட்டியின் அடியில் கையை விட்டுத் துழாவினாள்.

"அங்க என்னா நோண்டுற? கீழன்னா கீழாண்ட. அந்தா, முந்திரி மரத்தாண்ட."

பாட்டில் கிழக்கே, சமதரையில் இருந்தது. அவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள். நான்கு வருஷமாகச் சிதம்பரம் மேல வீதியில் குடியிருக்கிறாள். அந்த வீதி எதற்கும் மேலே இல்லை, கோயிலுக்கு மேற்கே இருக்கிறது.

"மாமா, மேக்க எது?"

"வெயிலு எறங்குற பக்கம். படிச்ச புள்ள கேக்குற கேள்வியா இது?"

தொட்டியிலிருந்து மேற்கே பத்தடி. உடைந்த இரும்புக் குழாயின் வாயை ஒரு கல் மூடியிருந்தது. கல்லைப் புரட்டினாள். பிளாஸ்டிக் உறையில் சுற்றிய எவர்சில்வர் டப்பா. உள்ளே தாளில் ஒரு பெயர்கூட இல்லை. எழுதினாள், படமெடுத்தாள், இருந்த இடத்திலேயே திரும்பச் செருகிக் கல்லால் மூடினாள். போனில் டவர் இல்லை.

ஆட்டோ குலுங்கிக் குலுங்கி இறங்கியது. தார்ரோட்டில் டவர் கிடைத்தபோது நாலு ஐம்பத்தெட்டு. படம் ஏறாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது நின்றபோது பக்கம் மூடப்பட்டிருந்தது.

தேவசகாயத்துக்குப் போன் போட்டாள். மேல என்பதைத் தான் தப்பாகப் புரிந்துகொண்டதையும் பக்கம் மூடப்பட்டதையும் ஒளிக்காமல் சொன்னாள். அவர் இருமிக்கொண்டே கேட்டார்.

"டப்பா இருந்துதுல்ல?"

"இருந்துது சார்."

"அப்ப சரி. மூடுனப்புறம் காட்டுல வுடக்கூடாதும்மா, காட்டுல குப்பை போட்டுட்டேன்னு எழுதுவாங்க. என்னால வர முடியாது. நீயே எடுத்துடு."

தமிழ்மணி ஆட்டோவைத் திருப்பினான். மறுபடி ஏறிப்போய் டப்பாவை இழுத்தாள். குழாயின் பிசிரில் மாட்டிக்கொண்டு வரமறுத்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்ததில் கல் சரிந்து விரலை நசுக்கியது. தமிழ்மணி அதைப் பார்த்தும் ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.