கட்டிப் போட்ட சல்லடை

மீன்பிடித் தடைக்காலத்தில் படகுக்காரனை வீட்டில் வைத்துச் சமாளிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கடலுக்குப் போகாத முத்துவேல் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தான். மிக்ஸி போயிற்று, மின்விசிறி போயிற்று, கடைசியில் மனைவி சரிதாவின் சல்லடைக்கு வந்து சேர்ந்தான்.

சாரம் பகுதியில் இருந்த வாடகை வீட்டின் பின்பக்கம் சரிதா செம்மண்ணும் எருவும் சலித்து மாடித்தோட்டக்காரர்களுக்கு விற்றாள். தோள்பட்டை கழன்று விழாத குறை. அதனால் அவன் மெஷின் செய்கிறேன் என்றபோது அவளுக்கும் ஆசைதான், பொய் சொல்வானேன்.

தட்டாஞ்சாவடி பழைய இரும்புக் கடையிலிருந்து மோட்டார் வந்தது. கம்பி வலை அடித்த சட்டத்துக்குக் கீழே பைக் ஸ்பிரிங் வைத்தான். மோட்டார் தண்டில் ஓர் இரும்புத் துண்டை ஒருபக்கமாக முடுக்கினான்; அது சுற்றினால்தான் சட்டம் உதறும். முதலில் மண் அசையவே இல்லை. துண்டைப் பெரிதாக்கினான். மண் சலிபடாமல் சரிந்து ஓடியது. சரிவைக் குறைத்தான். அப்புறம் மாவு மாதிரி விழுந்தது.

ஆனால் மெஷின் நகர்ந்தது. உதறி உதறி, ஒவ்வொரு தடவையும் வேப்பமரத்துப் பக்கமே போயிற்று. மரத்தில் குழந்தை கவிநிலாவின் தூளி தொங்கியது.

"இன்னாய்யா இது, புள்ளயப் பாத்தே வருது?"

"தரை வாட்டம் அப்புடி. பயப்படாத."

பயப்படாமல் எப்படி இருப்பது? ஒருநாள் சட்டத்தின் விளிம்பு தூளிச் சேலையை உரசியேவிட்டது. சரிதா போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது.

நகர்கிற படகை என்ன செய்வார்கள்? கட்டிப் போடுவார்கள். முத்துவேலுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். தண்ணீர்த் தொட்டியைத் தாங்கி நின்ற செங்கல் தூணில் படகுக் கயிற்றைச் சுற்றி மெஷினை இழுத்துக் கட்டினான்.

"பொயலுக்கே அறாத கவுறு. இனிமே எங்க போவுது பாக்கலாம்."

போகவில்லை. ஆனால் அந்த உதறல் முழுவதும் கயிறு வழியாகத் தூணுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை இருவருமே நினைக்கவில்லை. சரிதா அப்போதும் மரத்தடியை நம்பாமல், கட்டிய பக்கம் மெஷின் வராது என்று கணக்குப் போட்டு, தூணுக்குப் பின்னால் தொட்டி நிழலில் பாய் விரித்துக் குழந்தையைப் படுக்க வைத்தாள். சாயங்காலமானால் குழந்தையின் தலையெல்லாம் சிவப்புப் பொடி. சலித்த மண் பறக்கிறது என்று திட்டிக்கொண்டே கழுவிவிட்டாள்.

அன்று மெஷின் முழு வேகத்தில் ஓடியது. மறுபக்கம் முத்துவேல் மண் கொட்டிக்கொண்டிருந்தான். சிணுங்கிய குழந்தையைப் பார்க்கப் போன சரிதாவின் கையில் பொடி விழுந்தது. நிமிர்ந்தாள். தூணின் விரிசலில் வெளிச்சம் தெரிந்தது. குழந்தையை வாரிக்கொண்டு ஓடினாள்.

முத்துவேல் அதைப் பார்க்கவில்லை. தூண் பாயின் பக்கம் சாய்வதை மட்டும்தான் பார்த்தான். பாய்ந்து போய்க் கயிற்றைப் பிடித்து, காலை ஊன்றி, படகை இழுப்பது போலத் தன் பக்கம் இழுத்தான்.

"கவுத்த வுடுய்யா! புள்ள எங்கிட்ட இருக்கு!"

மோட்டார் இரைச்சலில் அது அவனுக்கு எட்டவில்லை. தூண் தொட்டியோடு அவன் இழுத்த பக்கமே வந்தது.

அக்கம்பக்கத்தார் ஓடி வந்து அவன் மேல் கிடந்த செங்கல்லை அள்ளி அப்பால் போட்டார்கள். கயிறு அவன் பிடியிலிருந்து வரவில்லை. சரிதா அந்தக் கையை உலுக்கி உலுக்கி, "வுடுய்யா, புள்ள எங்கிட்டதான் இருக்கு, வுடுய்யா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.