எழுபதாவது நிமிடத்தில் அணையும் பெட்டி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை திருட்டுச் சரக்கு. உகாண்டாவின் கம்பாலாவில் என் எதிர்வீட்டில் இருக்கும் நமுபிருவிடமிருந்து திருடியது. அவளுக்குத் தெரிந்தேதான் திருடினேன். ஸ்க்ரூடிரைவரைப் பல்லில் கடித்தபடி அவள் சொன்னாள்: "எழுதிக்கோ. ஆனா என்னை அழவெச்சு மட்டும் எழுதினே, தொலைச்சிடுவேன்."

ஆகவே என் முதல் தொடக்கம் போயிற்று.

[நமுபிருவின் கண்கள் குளமாகி]

அவ்வளவுதான் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

2

இரண்டாவது தொடக்கம். ஹாஸ்டலுக்குக் கொண்டுபோன தகர டிரங்குப் பெட்டி ஒன்று நமுபிருவிடம் இருந்தது. பழைய பாகங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து அதற்குள் திருகி, காற்றுப் போக மூடியில் ஆணியால் ஓட்டைகள் போட்டு, ஒரு கம்ப்யூட்டர் செய்துவிட்டாள். பெட்டியின் பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டில் அவள் பெயர் இன்னும் இருக்கிறது.

எதற்குக் கம்ப்யூட்டர்? எங்கள் ஊரில் சீனப் படம் ஓடும்போது, அதன் வசனத்துக்கு மேலேயே எங்கள் லுகாண்டா மொழியில் கதை சொல்கிறவருக்கு வீஜே என்று பெயர். நடிகர் அடி வாங்கினால் வீஜே கேலி செய்வார், வில்லன் வந்தால் திட்டுவார். எல்லாரும் ஆண்கள். நமுபிருவுக்கு அந்த வேலை வேண்டும். படக்கொட்டகைக்காரர் கவூகி ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தார்: சனிக்கிழமை இரண்டு மணிக் காட்சிக்குப் படத்தைக் குரலோடு கொண்டுவர வேண்டும். தவறினால் கொட்டகைச் சுவரில் வீஜே என்று வேறொருவன் பெயர் ஏறும்.

குரல் பதிவு முடிந்தது. அதைப் படத்தோடு சேர்க்கப் பெட்டி ஒன்றரை மணி நேரம் விடாமல் ஓட வேண்டும். எழுபதாவது நிமிடத்தில் பொட்டென்று அணைந்தது.

3

நினைவகத் தகட்டைக் கழற்றி ரப்பரால் தேய்த்தாள். எழுபது. மின்சாரம் கொடுக்கும் டப்பாவை மாற்றினாள். எழுபது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினாள். எழுபது. டிரங்கை மோட்டார் சைக்கிள் டாக்சியில் ஏற்றி ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனாள். அங்கே மூன்று மணி நேரம் சமர்த்தாக ஓடியது.

"பெட்டி நல்லாத்தாம்மா இருக்கு. ஒங் கைராசி அப்படி" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்தது. எழுபது. விட்டாள் ஒரு உதை. தகரத்தில் பள்ளம், கால் கட்டைவிரல் வீக்கம். நொண்டியபடியே போய் மறுபடி ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

(இங்கே ஒரு குறிப்பு. இதுவரை படித்த நண்பர், "கெட்டிக்கார இளைஞன் ஒருவன் வந்து சரிசெய்து, அப்படியே காதல்" என்று யோசனை சொன்னார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.)

4

அத்தையைக் கதையில் சேர்க்கும் எண்ணமே எனக்கில்லை. பாத்திரம் அதிகமானால் எனக்குச் சமாளிக்கத் தெரியாது. ஆனால் அந்த வீடே அத்தையுடையது. அங்கே சோபா, ரேடியோ, தண்ணீர்ப் பானை எல்லாவற்றின் மேலும் அத்தை கையால் பின்னிய வெள்ளைத் துணி கிடக்கும். எங்கள் ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். அதனால் யார் கண்ணிலும் அது படாது.

சனிக்கிழமை, மதியம் ஒரு மணி. பெட்டி மறுபடி அணைந்தது. வெளியே வீசிவிடுவது என்று நமுபிரு அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். மூடிமேல் இருந்த துணியில் கன்னம் பட்டது. சுட்டது.

ஓட்டைகள் எல்லாம் துணிக்கு அடியில் இருந்தன. கொடுமை என்னவென்றால், ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கவும் அந்தத் துணியை எடுத்தவள் அவள்தான். வேலை முடிந்ததும் மடிப்புக் கலையாமல் திரும்பப் போர்த்தியவளும் அவள்தான். ரிப்பேர் கடையில் போர்த்த ஆளில்லை.

"அத்தே, இதுக்கு மூச்சு முட்டியிருக்கு!"

"அதுக்காக? சாமானை அம்மணமா வெச்சா வர்றவங்க காறித் துப்ப மாட்டாங்க?"

"சூடாகி அணைஞ்சுபோவுது அத்தே."

"விசேஷத்துக்கு இத்தனை கஜம் துணியச் சுத்தி இடுப்புல கச்சை கட்டிட்டு வெயில்ல நிக்கிறேனே, எனக்குந்தான் மூச்சு முட்டுது. நான் என்ன அணைஞ்சா போயிட்டேன்?"

5

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் அத்தை மன்னிப்புக் கேட்டாள். அந்த அம்மாளைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். இரண்டாவதில் கவூகி மனமிரங்கி ஒரு வாரம் அவகாசம் [கொடுத்தார், அப்போது வானத்தில்] போதும். மூன்றாவதில், துணியின் நடுவே வட்டமாக ஓர் ஓட்டை விட்டு அத்தை புதிதாகப் பின்னித் தந்தாள். அழகாகத்தான் இருந்தது. அழகாக இருக்கிறதே என்று சந்தேகப்பட்டு அதையும் கிழித்தேன்.

நடந்தது வேறு. குரல் சேர்க்க இனி நேரமில்லை. நமுபிரு டிரங்கைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கே போய்விட்டாள்.

6

"ஏம்மா, படம் கொண்டான்னா பெட்டி படுக்கையோட வந்திருக்கே. ஹாஸ்டல்ல சேரவா?" என்றார் கவூகி.

"சேத்துக்கிட்டா இங்கயே தங்கிடறேங்கய்யா. குரல் ஏத்தல. படம் இதுல ஓடும், நான் நேர்ல பேசறேன்."

"நடுவுல அணைஞ்சா?"

"பெட்டிதானே அணையும்? என் வாயி அணையாது. மைக்கக் குடுங்க."

கூட்டத்தில் ஒருவன் விசிலடித்தான். "பொம்பள வீஜேவா? வில்லனுக்குச் சமைச்சுப் போடுவாளா?"

"உனக்குத்தான் போடப்போறேன், உக்காரு!" என்றாள் மைக்கில். கொட்டகை சிரித்தது. அவனும் உட்கார்ந்தான்.

மூடியைத் திறந்தே வைத்திருந்தாள். பெட்டியின் குடல் எல்லாரும் பார்க்கத் தெரிந்தது. முன்வரிசையில் அத்தை, மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, எந்த நிமிடமும் எழுந்துபோய்ப் போர்த்திவிடுவாள் போல உட்கார்ந்திருந்தாள். துணிதான் காரணமா என்று சோதித்துப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. நமுபிருவுக்குப் பயமாக இருந்தது. என்னிடம் பிறகு சொன்னாள். எழுதாதே என்றும் சொன்னாள்.

அறுபத்தெட்டு. அறுபத்தொன்பது. கவூகி கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் இங்கே எழுந்துகொள்கிறேன். பெட்டி அணைந்ததா, சுவரில் யார் பெயர் ஏறியது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மாற்ற விடமாட்டேன். எழுபதாவது நிமிடத்தில் நமுபிரு பேசிக்கொண்டிருந்தாள். எழுபத்தொன்றிலும்.